தப்பாகப் படிக்கும் கணினியிடமிருந்து சரியான கணக்கு

தேர்தல் நெருங்கினாலே ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடுகிறது. இந்த முறை கேட்டவர் ஒரு கல்லூரி மாணவி. “இந்த வேட்பாளருக்கு இணையத்தில் இத்தனை சதவீதம் ஆதரவு, இத்தனை சதவீதம் எதிர்ப்பு என்று வரைபடம் போடுகிறார்களே, லட்சக்கணக்கான பதிவுகளை யார் உட்கார்ந்து படிக்கிறார்கள்? கணினி படிக்கிறது என்றால் கிண்டல் அதற்குப் புரியுமா? புரியாமல் அது போடும் கணக்கை எப்படி நம்புவது?”

மூன்றாவது கேள்விக்காகவே இந்தக் கட்டுரை. பல பதிவுகளைத் தப்பாகப் படிக்கிற கணினியை வைத்துக்கொண்டே மொத்தச் சதவீதத்தைச் சரியாகக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. எட்டாம் வகுப்பு இயற்கணிதம் போதும்.

முதலிரண்டு கேள்விகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். வேட்பாளரின் பெயர், பட்டப்பெயர், ஹேஷ்டேக் வருகிற பதிவுகளைத் திரட்டுகிறார்கள். ஒரே வாசகம் பல கணக்குகளிலிருந்து வந்தால் கழித்துவிடுகிறார்கள். மிச்சத்தில் சில நூறையோ சில ஆயிரத்தையோ மனிதர்கள் படித்து ‘ஆதரவு’, ‘எதிர்ப்பு’, ‘இரண்டுமில்லை’ என்று குறிக்கிறார்கள். அதைப் பார்த்துக் கணினி கற்றுக்கொள்கிறது. எந்தச் சொல் எந்தக் குவியலில் அதிகம் வருகிறது என்ற நிகழ்தகவுக் கணக்குதான் பழைய முறை. போ பாங், லில்லியன் லீ, சிவகுமார் வைத்தியநாதன் மூவரும் 2002-இல் திரைப்பட விமர்சனங்களை இப்படிப் பிரித்துப் பார்த்தபோது, நூற்றுக்கு எண்பதுக்குச் சற்று மேல் சரியாக வந்தது. ஏராளமான எழுத்தைப் படித்துப் பழகிய நிரல்களான இன்றைய மொழி மாதிரிகள் சொல்லின் முன்னும் பின்னும் இருப்பதையும் சேர்த்துப் பார்க்கின்றன. அதனால் மேம்பட்டிருக்கின்றன. ஆனாலும் தப்பு செய்கின்றன.

“அற்புதமான சாதனை! அஞ்சு வருஷத்துல ஒரு தடவை முகத்தைக் காட்டியிருக்காரு” என்ற பதிவில் ‘அற்புதம்’, ‘சாதனை’ இரண்டும் நல்ல சொற்கள். “ஊழலே செய்யாதவர்” என்பதில் ‘ஊழல்’ தனியாகக் கண்ணில் படுகிறது. அதை மறுக்கிற ‘ஆத’ என்ற துண்டோ வினைச்சொல்லுக்குள் புதைந்து கிடக்கிறது. இவற்றைவிடத் தந்திரமானது இன்னொன்று: “இவர் தோத்துடுவாரோன்னு நெனச்சா வயித்தைக் கலக்குது.” உணர்ச்சி என்று பார்த்தால் பயம், கவலை. நிலைப்பாடு என்று பார்த்தால் முழு ஆதரவு. உணர்ச்சியும் நிலைப்பாடும் வேறு வேறு என்பதால்தான் நிலைப்பாட்டைக் கண்டறிவதைத் தனித் துறையாகவே வளர்த்திருக்கிறார்கள். 2016-இல் செம்இவால் என்ற பன்னாட்டு ஆய்வுப் போட்டியில் ஹிலாரி கிளின்டன், டொனால்ட் டிரம்ப் உள்ளிட்ட சில தலைப்புகள் பற்றிய ட்வீட்டுகளை வைத்து இதற்கென்றே ஒரு பிரிவு நடத்தினார்கள்.

மனிதர்களுக்கும் இது எளிதல்ல. நானும் நண்பர் ஒருவரும் ஒரே பதிவுக் குவியலைத் தனித்தனியாகப் படித்துக் குறித்துப் பார்த்தோம். “வரட்டும், பார்க்கலாம்” என்று ஒரு பதிவு. அவ்வளவுதான், இரண்டே சொற்கள். நான் ‘ஆதரவு’ என்று போட்டேன். வந்து என்ன செய்கிறார் பார்ப்போம் என்கிற நம்பிக்கையாக எனக்குப் பட்டது. நண்பர் ‘எதிர்ப்பு’ என்று போட்டிருந்தார். எப்படி வருகிறான் பார்க்கிறேன் என்கிற சவாலாக அவருக்குப் பட்டது. எழுதியவரின் குரல் கேட்டிருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும்.

இப்போது அந்தக் கணக்குக்கு வருவோம். நடுநிலைப் பதிவுகளை ஓரமாக வைத்துவிடுங்கள். மனிதர்கள் குறித்துவைத்த பதிவுகளில் ஒரு பகுதியைக் கணினிக்குக் காட்டாமல் மறைத்து வைத்திருந்து அதைச் சோதிக்கிறோம். உண்மையில் எதிர்ப்பான 100 பதிவுகளில் 80-ஐ ‘எதிர்ப்பு’ என்று சரியாகப் பிடிக்கிறது. உண்மையில் ஆதரவான 100 பதிவுகளில் 10-ஐத் தப்பாக ‘எதிர்ப்பு’ என்கிறது. கணினியின் குணம் இவ்வளவுதான். இந்த இரண்டு எண்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரசாரத்தின் தொடக்கத்தில் 1,000 பதிவுகள் வருகின்றன. அவற்றில் உண்மையான எதிர்ப்பு 200, ஆதரவு 800 என்று வைத்துக்கொள்வோம். 200-இல் 160-ஐ எதிர்ப்பு என்று பிடிக்கும். 800-இல் 80-ஐயும் எதிர்ப்பு என்று எண்ணிவிடும். மொத்தம் 240. உண்மை 20 சதவீதம், கணினி காட்டுவது 24.

பிறகு ஏதோ நடந்து எதிர்ப்பு ஏறுகிறது. இப்போது எதிர்ப்பு 500, ஆதரவு 500. கணினி 400-ஐப் பிடிக்கிறது, 50-ஐக் கூடுதலாகச் சேர்க்கிறது. மொத்தம் 450. உண்மை 50 சதவீதம், கணினி காட்டுவது 45.

முன்பு உண்மையைவிடக் கூட்டிச் சொன்ன அதே கணினி, இப்போது குறைத்துச் சொல்கிறது. அதன் குணம் மாறவில்லை, மாறியது மக்களின் மனநிலை மட்டும்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். எதிர்ப்பு உண்மையில் ஏறியது 30 புள்ளி. வரைபடத்தில் தெரிவது 21 புள்ளி. தொலைக்காட்சியில் மெல்ல ஏறுகிற கோட்டைப் பார்த்து “பெரிய பாதிப்பில்லை” என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கலாம். வெளியே அலை அதைவிட உயரமாக எழுந்திருக்கும்.

திருத்தம் எளிது. எதிர்ப்பே இல்லாவிட்டாலும் கணினி 10 சதவீதம் காட்டும், எனவே முதலில் அந்தப் 10-ஐக் கழிக்க வேண்டும். 80-க்கும் 10-க்கும் உள்ள இடைவெளி 70: எதிர்ப்பு 0-இலிருந்து 100-க்கு ஏறினாலும் கணினியின் கோடு 70 புள்ளிதான் ஏறும். அதனால் 0.7-ஆல் வகுக்க வேண்டும். 24-இல் 10 போனால் 14, 0.7-ஆல் வகுத்தால் 20. 45-இல் 10 போனால் 35, வகுத்தால் 50. இரண்டு முறையும் உண்மை அப்படியே வெளியே வருகிறது! எந்தப் பதிவைக் கணினி தப்பாகப் படித்தது என்று நமக்கு இன்னும் தெரியாது. தெரியவே வேண்டியதில்லை. முதல்முறை இதைத் தாளில் போட்டுப் பார்த்த அன்று, வேறு வேறு எண்களைக் கொடுத்து வெகுநேரம் விளையாடிக்கொண்டிருந்தேன். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

கணினி மோசமானதாக இருந்தால் என்னாகும் என்பதையும் இதே கணக்கு சொல்லிவிடுகிறது. 80-க்கும் 10-க்கும் பதிலாக 55, 45 என்றால் இடைவெளி 10 மட்டுமே. 0.1-ஆல் வகுக்க வேண்டும். அதாவது அளவீட்டில் இருக்கிற சின்னத் தடுமாற்றம்கூடப் பத்து மடங்காகப் பெருகும். இரண்டும் சமமாகிவிட்டால் பூஜ்யத்தால் வகுக்கச் சொல்கிறது. அந்தக் கணினிக்கு எதுவுமே தெரியாது என்பதைக் கணிதம் அப்படித்தான் அறிவிக்கிறது.

இந்த வித்தை மருத்துவத்திலிருந்து வந்தது. பிழையுள்ள பரிசோதனையை வைத்து ஒரு நோய் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று கண்டுபிடிக்க, ரோகன், கிளாடன் இருவரும் 1978-இல் இதே சூத்திரத்தை எழுதினார்கள். பிறகு கேரி கிங், யிங் லூ இருவரும் மருத்துவர் இல்லாத இடங்களில் நேர்ந்த மரணங்களுக்கு இந்தச் சிந்தனையைக் கொண்டுபோனார்கள். இறந்தவரின் உறவினர்கள் சொல்லும் அறிகுறிகளைத் தொகுத்து, ஒவ்வொருவரும் எதனால் இறந்தார் என்று தீர்மானிக்காமலேயே, எந்த நோயால் எத்தனை சதவீதம் பேர் இறந்தார்கள் என்று கணித்தார்கள். 2010-இல் டேனியல் ஹாப்கின்ஸும் கிங்கும் அதை அரசியல் வலைப்பதிவுகளின் பக்கம் திருப்பினார்கள். பதிவுகளைத் தனித்தனியாகத் தரம்பிரிக்கும் வேலையை விட்டுவிட்டு, சொற்கள் சேர்ந்து வரும் விதங்களிலிருந்து நேராக மொத்தச் சதவீதத்துக்கே போனார்கள். 2006 அக்டோபரில் அமெரிக்க செனட்டர் ஜான் கெர்ரி சொல்ல வந்த நகைச்சுவை வாய்தவறி, சரியாகப் படிக்காதவர்கள் ராணுவத்தில் சேர்ந்து ஈராக் போரில் மாட்டிக்கொள்வார்கள் என்பதுபோல் ஒலித்துவிட்டது. வலைப்பதிவுகளில் அவர்மேல் கடும் எதிர்ப்பு சட்டென்று எழுந்ததை அவர்களுடைய வரைபடத்தில் பார்க்கலாம்.

ஒரு நிபந்தனை உண்டு: 80, 10 என்ற எண்கள் நிலையாக இருக்க வேண்டும். பிரசாரத்தில் ஒரே இரவில் புதுக் கிண்டல் பிறக்கிறது, புதுப் பட்டப்பெயர் பரவுகிறது. நேற்றுவரை பாராட்டாக இருந்த சொல் காலையில் வசவாகிவிடுகிறது. கணினியின் குணமும் அத்துடன் மாறிவிடும். ஆகவே சில நாட்களுக்கு ஒருமுறை புதிய பதிவுகளை மனிதர்கள் படித்துக் குறித்து, அந்த இரண்டு எண்களையும் மறுபடி அளக்க வேண்டும். எத்தனை கோடிப் பதிவுகளை அலசினோம் என்று பெருமைப்படுபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கடைசியாக எப்போது கையால் படித்துச் சரிபார்த்தீர்கள்?

இத்தனையும் செய்தால் கிடைப்பது பதிவுகளின் சதவீதம். வாக்காளர்களின் சதவீதம் என்று அதைச் சொல்பவர்கள்மேல் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. அமெரிக்காவில் வயதுவந்த ட்விட்டர் பயனர்களின் ட்வீட்டுகளில் 80 சதவீதத்தை எழுதியவர்கள் வெறும் 10 சதவீதம் பேர் என்று பியூ ஆய்வு மையம் 2019-இல் கண்டது. 2009 ஜெர்மன் தேர்தலில் கட்சிகளின் பெயர் வந்த ட்வீட்டுகளை எண்ணியே வாக்கு விகிதத்தைக் கணிக்கலாம் என்று ஓர் ஆய்வு அறிவித்தது. வேறு ஆய்வாளர்கள் அதே கணக்கை மறுபடி போட்டார்கள். முதல் ஆய்வு விட்டுவிட்ட பைரேட் கட்சியை, அதாவது இணைய உரிமைகளைப் பேசும் ஒரு சிறு கட்சியை, சேர்த்ததும் அதுவே முதலிடத்துக்கு வந்துவிட்டது. அந்தக் கட்சி உண்மையில் வாங்கிய வாக்கு 2 சதவீதம். இங்கே கணினி எந்தப் பதிவையும் தப்பாகப் படிக்கவில்லை. பேசாதவர்களின் குரல் குவியலில் இல்லை, அவ்வளவுதான். இல்லாததை எந்தச் சூத்திரத்தாலும் வகுத்து வரவழைக்க முடியாது.

பொதுப் பணம் இந்தத் துறையில் எங்கே போக வேண்டும் என்று கேட்டால், பதிவுகளைப் படித்துக் குறிக்கிற மனிதர்களுக்கு என்பேன். பெரிய கணினிகளுக்கு நிதி எளிதாகக் கிடைத்துவிடுகிறது. தமிழை ஆங்கில எழுத்தில், பாதி ஆங்கிலம் கலந்து எழுதுகிற பதிவுகளைப் பொறுமையாகப் படித்து, இரண்டு பேர் வேறுபட்டால் மூன்றாமவரைக் கேட்டு முடிவு செய்கிற வேலைக்குப் பணம் ஒதுக்க ஆளில்லை. 2023-இல் ட்விட்டர் தன் தரவுகளை இலவசமாக எடுக்கும் வழியையும் மூடிவிட்டது. பணம் உள்ள பிரசாரக் குழுக்கள் வாங்கிக்கொள்ளும். அவர்கள் வெளியிடும் சதவீதம் சரியா என்று பார்க்க விரும்பும் பல்கலைக்கழக ஆய்வு மாணவரால் வாங்க முடியாது.