சைலன்சரில் நீலம் ஏறுவது எப்படி?

டைட்டானியம் சைலன்சர் மாட்டிய பைக்கைக் கொஞ்ச நாள் ஓட்டிய பிறகு, இன்ஜினிலிருந்து வளைந்து இறங்கும் பெண்ட் பைப்பைப் பாருங்கள். சாம்பல் வெள்ளையாக இருந்த குழாயில் பொன் மஞ்சள், ஊதா, நீலம் என்று நிறங்கள் பட்டை பட்டையாக ஏறியிருக்கும். அங்கே சாயம் எதுவும் இல்லை. இருப்பது டைட்டானியம் ஆக்சைடு. சுவர் பெயின்ட்டுக்கு வெண்மை தரும் அதே பொருள்!

வெள்ளைப் பொருள் எப்படி நீலமாகத் தெரிகிறது? சூடேறிய உலோகம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, தன்மேல் கண்ணாடி போன்ற ஒரு படலத்தை வளர்த்துக்கொள்கிறது. அதன் தடிமன் சில பத்து நானோமீட்டர்தான். வெளிச்சம் படும்போது ஒரு பகுதி படலத்தின் மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். மீதி உள்ளே போய் உலோகத்தில் பட்டுத் திரும்பும். இரண்டும் மறுபடி சேரும்போது சில நிற அலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மங்கிவிடும். மழைத் தண்ணீரில் மிதக்கும் பெட்ரோல் படலம் வானவில்லாகத் தெரிவதும் இதனால்தான். அலைகளின் இந்தக் குறுக்கீட்டால்தான் மெல்லிய படலங்களுக்கு நிறம் வருகிறது என்று 1801-இல் விளக்கியவர் தாமஸ் யங்.

நிறங்களின் வரிசைக்கும் இதில் விடை இருக்கிறது. படலம் மிக மெலிதாக இருக்கும்போது முதலில் மங்குவது நீல ஒளி. மிச்சம் பொன்னிறமாகத் தெரிகிறது. இன்னும் தடித்தால் மஞ்சளும் பச்சையும் மங்கி ஊதா தெரியும். அப்புறம் சிவப்புப் பக்கம் மங்க, நீலம் மேலெழும். ஆக, குழாயின் நிறம் என்பது அந்த இடத்துப் படலத்தின் தடிமன். இதைப் பிடித்துக்கொண்டால், நிறத்தை நாமே தீர்மானிக்கலாம்.

கேஸ் டார்ச்சால் சூடுகாட்டி நிறம் ஏற்றுவது ஒரு வழி. இதில் பொறுமை முக்கியம். நெருப்பை எடுத்த பிறகும் உலோகத்தில் தங்கிய சூட்டில் படலம் வளரும். அதனால் வேண்டிய நிறம் வருவதற்குச் சற்று முன்பே நிறுத்த வேண்டும். தாண்டிவிட்டால் பின்னோக்கிப் போக வழியில்லை. தேய்த்துப் பாலிஷ் போட்டு, முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இன்னொரு வழி அனோடைசிங். உப்புக் கரைசலில் டைட்டானியத்தை நேர்மின்முனையாக்கி மின்சாரம் செலுத்துவார்கள். படலம் எவ்வளவு தடிக்கும் என்பதை வோல்டேஜ் முடிவு செய்கிறது. ஏறத்தாழ 15 வோல்ட்டில் வெண்கல நிறம், 30-இல் நீலம், 60-இல் மஞ்சள், 100-க்கு அருகே பச்சை. எத்தனை வோல்ட் வைத்தாலும் அசல் சிவப்பு மட்டும் வராது. எனக்கு இந்த முறைதான் பிடிக்கும், நிறம் அவ்வளவு சீராக வரும். ஆனால் சூடு குறைவான பின்பகுதிக்கே இது பொருந்தும். பெண்ட் பைப்பில் செய்தால், ஓடும் சூட்டில் படலம் மேலும் தடித்து, போட்ட நிறம் மாறிவிடும்.

எவர்சில்வர் குழாயிலும் நிறம் ஏறும். சுமார் 300 டிகிரி செல்சியஸில் வெளிர் மஞ்சள், 550-ஐ ஒட்டி நீலம். இதற்கு ஒரு விலை உண்டு. துருவைத் தடுக்கும் குரோமியம் மேல் படலத்துக்குப் போய்விடுவதால், அடியில் உள்ள உலோகத்தில் அது குறைந்துவிடுகிறது. உப்புக் காற்று வீசும் கடற்கரை ஊர்க்காரர்கள் எவர்சில்வரை டார்ச்சால் நீலமாக்காமல் விடுவது நல்லது. வெல்டிங் செய்த இடத்தில் இந்த நிறப் பட்டையை அமிலப் பசை தடவி எடுப்பதும் துருவுக்குப் பயந்துதான்.

இரட்டைச் சுவர்க் குழாய்களில் வெளித்தோல் அவ்வளவு சூடாகாது. அதனால் எவ்வளவு ஓட்டினாலும் பளபளப்பு பெரிதாக மாறாது.

எந்த வழியானாலும், புதுக் குழாயை மாட்டியதும், முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட சுத்தமான துணியால் முழுவதும் துடையுங்கள். கைவிரல் எண்ணெய் பட்ட இடம் சூட்டில் கருகி, ரேகையோடு அப்படியே பதிந்துவிடும். அதற்கப்புறம் பாலிஷ்தான் போட வேண்டும். போட்டால் நிறமும் போய்விடும்.