பெரிய வயிறும் புரொஸ்ரேட் புற்றுநோயும்

வன்னியில் அருவி வெட்டை, அதாவது நெல் அறுவடையை, மெசின் எடுத்துக்கொண்ட பிறகு, வயிறு தள்ளிய கமக்காரரைக் காண்பது புதினமில்லை. கிளினிக் கொப்பியில் பிரஷரும் சீனியும் சேர்ந்தே ஏறுகின்றன. பெரிய வயிறும் பிரஷரும், ஆண்களின் சலப்பைக்குக் கீழே இருக்கும் புரொஸ்ரேட் சுரப்பியில் வரும் புற்றுநோயையும் கூட்டி வருமா?

உடற்பருமன் விடயத்தில் விடை விசித்திரமானது. பருத்த ஆண்களிடம் ஆரம்பநிலைப் புற்று சற்றுக் குறைவாகவே கண்டுபிடிக்கப்படுகிறது; முற்றிய புற்றும் அதனால் வரும் இறப்பும் அதிகம். காரணத்தில் ஒரு பங்கு இரத்தப் பரிசோதனையிலேயே இருக்கிறது. புரொஸ்ரேட் சுரப்பியிலிருந்து பி.எஸ்.ஏ என்ற புரதம் இரத்தத்தில் கசியும். ஒரு மில்லிலீற்றரில் 4 நானோகிராம் என்பதே நெடுங்காலமாகப் பின்பற்றப்பட்ட எல்லை; அதைத் தாண்டினால் புற்று இருக்குமோ என்று மேலும் பார்ப்பார்கள். பெரிய உடலில் இரத்தத்தின் நீர்ப்பகுதி அதிகம். ஒரு மூடி மருந்தைச் சிறிய தாங்கியில் கரைப்பதற்கும் பெரிய தாங்கியில் கரைப்பதற்கும் உள்ள வித்தியாசம் வயலுக்கு மருந்தடித்தவருக்குத் தெரியும். கசிவது அதே அளவுதான், அறிக்கையில் இலக்கம் மட்டும் இறங்கிவிடும். பருமனால் ஆண் ஓமோன் குறைவதும் அதை மேலும் இறக்கும். சுரப்பியை விரலால் தடவிப் பார்ப்பதும் பருத்த உடலில் சிரமம்.

வயிற்றுக் கொழுப்பு சும்மா கிடப்பதுமில்லை. அது இன்சுலினின் வேலையைக் கெடுக்க, சதையி மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. கலங்கள் பெருகுவதற்கு அது தூண்டுதல். கொழுப்பிலிருந்து வரும் அழற்சிப் பொருட்களும் புற்றுக்கே சாதகம்.

பிரஷர் மீதான குற்றச்சாட்டு இவ்வளவு வலுவானதல்ல. சில ஆய்வுகள் சிறிய அதிகரிப்பைக் காட்டின, வேறு சில எதையும் காட்டவில்லை. பிரஷரை ஏற்றும் பரிவு நரம்புகள் புரொஸ்ரேட்டிலும் அடர்ந்திருக்கின்றன; எலிகளில் அவற்றை அகற்றியபோது புற்று வளர்ச்சி தளர்ந்தது. மனிதருக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. என் கணிப்பில் பிரஷர் பெரும்பாலும் வயிற்றின் கூட்டாளிதான். ஆனாலும் மாரடைப்புக்கும் பாரிசவாதத்துக்கும் அதுவே நேர்க் காரணி என்பதால், குளிசையை நிறுத்த இது சாட்டாகாது.

தெற்காசிய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவின் எல்லை 90 சென்ரிமீற்றர். சாரம் கட்டும் இடத்தில் அளக்க வேண்டாம், வயிறு பெருக்கப் பெருக்க அது கீழே இறங்கிவிடும். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இழுக்காமல் நாடாவைச் சுற்றவேண்டும்.

இரவில் பலமுறை சலம் கழிக்க எழும்புவது பல வேளைகளில் புரொஸ்ரேட்டின் புற்றல்லாத வீக்கத்தின் அறிகுறி. ஆரம்பநிலைப் புற்று பொதுவாக எந்த அறிகுறியும் காட்டாது. தகப்பனுக்கோ சகோதரனுக்கோ இந்நோய் இருந்திருந்தால், வைத்தியர் கேட்கும்வரை காத்திராமல் நாமே சொல்லிவிட வேண்டும்.