விலை இறங்குகிறதாம், எங்கிருந்து?

மட்டக்களப்புக் கல்லடியில் மின்சாதனம் திருத்தும் கடை வைத்து 23 வருடம் ஆகிறது. மேசைக்கு வருகிற சாமான்களில் பாதி கரண்ட் கூடிக் குறைந்து பழுதானவை, இன்னும் கொஞ்சம் உப்புக்காற்று தின்றவை. மிச்சம் இருப்பவை ஒரு தனி இனம். வாங்கும்போதே பழுதாகப்போகிற சாமான் அவை. அவற்றைக் கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது ஒரே வசனம்தான்: "நல்ல விலை குறைவாக் கிடைச்சது."

2013 என்று நினைக்கிறேன். ஆரையம்பதியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், நீராவியால் தரை துடைக்கிற கருவி ஒன்றைக் கொண்டுவந்தார். "லண்டனில இருந்து மச்சாள் கார்கோவில அனுப்பினது தம்பி. ரெண்டு மாசம் நல்லா ஓடினது. மறுகா ஆவி வருதில்ல. ஒருக்காப் பாருங்களன்" என்றார். நான் கழற்றக் கழற்றப் பக்கத்தில் நின்று கதையும் சொன்னார். டிவியில் சாமான்களை ஏலம் விடுகிற ஒரு சனலில் 90 பவுணில் தொடங்கினதாம். மச்சாள் பார்த்துக்கொண்டிருக்கவே இறங்கி இறங்கி 20க்கு வந்துவிட்டதாம். "எழுபது பவுண் லாபம்" என்றார். சொல்லும்போது முகத்தில் ஒரு வெளிச்சம்.

உள்ளே பெருவிரல் அளவில் ஒரு பம்ப். அதன் வாய் முழுக்க வெள்ளைச் சுண்ணாம்பு. கேத்தலின் அடியில் படிகிறதே, அதேதான். நம் கரையோரக் கிணற்றுத் தண்ணீருக்கு இது ஒன்றும் அதிசயமில்லை. தேசிக்காய்ப் புளி விட்டு ஊறவைத்தால் கழன்றுவிடும், கழன்றது. ஆனால் பம்பின் ரப்பர் வாசர் வெடித்திருந்தது. மாற்று வாசர் தேடுவோம் என்று கருவியின் பெயரையும் மொடல் இலக்கத்தையும் இணையத்தில் போட்டுப் பார்த்தேன். எங்கே தேடினாலும் அந்தச் சனல்தான் வந்தது. அந்தப் பெயரில் வேறு எந்தக் கடையும் ஒரு சாமானும் விற்கவில்லை. அப்படியென்றால் 90 பவுண் என்பது யார் போட்ட விலை?

அந்தச் சனல் வகையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். 2012இல் லண்டனில் அக்கா வீட்டில் மூன்று கிழமை நின்றேன். அத்தானுக்கு இரவு வேலை. அக்கா பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டு, அடுத்த நாள் சமையலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே டிவி பார்ப்பார். ஒருநாள் கத்தி செட் ஒன்று போனது. திரையின் ஓரத்தில் பெரிதாக விலை, அதற்குக் கீழே இன்னும் எத்தனை செட் மிச்சம் என்ற எண். விலை 60, மிச்சம் 140. அறிவிப்பாளர் தக்காளியைத் தாள் மாதிரிச் சீவுகிறார். விலை 45, மிச்சம் 96. தோல்செருப்பை வெட்டிக் காட்டுகிறார். விலை 30, மிச்சம் 31. அக்கா கையைத் துடைக்காமலே போனை எடுத்தார்.

"அக்கா, உங்களிட்டக் கத்தி இல்லையா?" என்றேன்.

"பேசாம இரு, முடியப்போகுது" என்றார். மற்றக் கையில் கத்தி இருந்தது.

அந்த நாட்டில் இந்த ஆட்டத்தைப் பெரிதாக நடத்தியவை பிட்-அப் டிவி, பிரைஸ்-டிராப் டிவி என்ற இரண்டு. முதலாவது 2000இல் தொடங்கியது, இரண்டாவது 2003இல். இரண்டையும் நடத்திய நிறுவனம் ஒன்றே. அவர்கள் காட்டிய விலைகள் பார்ப்பவரைத் தவறாக நினைக்கவைக்கின்றன என்று அங்குள்ள விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு பல தடவை தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 2014 ஏப்ரலில் நிறுவனம் நொடித்துச் சனல்கள் நின்றன.

விலை இறங்கும் ஏலம் என்பதே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. ஒல்லாந்தில் ஆல்ஸ்மீர் என்ற ஊரில் பூக்களை அப்படித்தான் விற்கிறார்கள். கடிகாரம் மாதிரி ஒரு முள் மேல்விலையிலிருந்து கீழே ஓடும். முதலில் பொத்தானை அழுத்துகிறவருக்கு அந்த நேரத்து விலையில் பூ. கொஞ்சம் பிந்தினால் பூ இன்னொருவருக்கு. முந்தினால் அதிகக் காசு. அதனால் ஒவ்வொரு வியாபாரியும் 'இந்தப் பூ எனக்கு எவ்வளவு பெறும்' என்பதை மனதில் முடிவுசெய்துகொண்டுதான் காத்திருப்பார்.

அவ்வளவு தூரம் ஏன், பின்னேரம் ஆறு மணிக்கு நம்மூர் மீன் சந்தையில் நின்று பாருங்கள். காலையில் கிட்டப் போகமுடியாத இறால் அப்போது இறங்கி வரும். ஐஸ் கரைகிறது, விடிந்தால் மணக்கும், விற்பவருக்கு வேறு வழியில்லை. செவுளைத் தூக்கிப் பார்த்து, கண்ணைப் பார்த்து, மூக்குக்குக் கிட்டப் பிடித்து வாங்கலாம். பூ வாடும், மீன் பழுதாகும், விலை இறங்குவதில் நியாயம் இருக்கிறது. தரை துடைக்கிற கருவி விடிந்தால் மணக்குமா?

டிவி ஏலத்தில் இன்னொரு நுணுக்கம் இருந்தது. எனக்கு அதுதான் மிகக் கெட்டித்தனமாகப் பட்டது. விலை 60ஆக இருக்கும்போது போன் எடுத்தவரும், 45இல் எடுத்தவரும், கடைசியில் எந்த விலையில் ஏலம் முடிந்ததோ அந்த விலையைத்தான் கட்டுவார்கள். கேட்க நல்லாத்தானே இருக்கிறது? ஆனால் பூக்கடிகாரத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். முந்தினால் நட்டமில்லை என்றான பிறகு 'இது எவ்வளவு பெறும்' என்று யாரும் யோசிக்கத் தேவையில்லை. யோசிக்க மிஞ்சுவது ஒன்றுதான்: முடிவதற்குள் கிடைக்குமா? சாமானைப் பற்றிய கேள்வி போய், இடம் பிடிக்கிற கேள்வி வந்துவிடுகிறது. பஸ்ஸில் சீட் பிடிப்பது மாதிரி. சீட்டைப் பிடித்து இருந்த பிறகுதான் இது கல்முனை பஸ்ஸா வாழைச்சேனை பஸ்ஸா என்று பார்க்கிறோம்.

அப்புறம் தபால் கூலி. விலை இறங்கும், இது இறங்காது. ஒரு கணக்குக்குச் சொல்கிறேன்: 90இல் தொடங்கி 20இல் முடிந்த சாமானுக்குத் தபால், பொதி செய்வது எல்லாமாக 8 பவுண் என்றால் கையிலிருந்து போவது 28. அதே வேலை செய்கிற, பெயர் தெரிந்த சாமான் கடையில் 30 என்றால் இலாபம் 70 இல்லை, 2. கடையில் வாங்கியதற்கு வாசரும் கிடைக்கும்.

அந்தச் சனல்கள் போய்விட்டன. ஆட்டம் இப்போது நம் போனுக்குள் நடக்கிறது. இரவு எட்டு மணிக்குப் பேஸ்புக்கைத் திறந்தால் யாராவது ஒரு தம்பி பிளெண்டரையோ ஸ்பீக்கரையோ கையில் பிடித்துக்கொண்டு லைவில் நிற்பார். "கடையில 7,500. உங்களுக்கு 6,000. சரி, எங்கட பேஜ்ஜுக்காக 4,500. இப்ப கொமன்ட் பண்ற முதல் 15 பேருக்கு 3,490." கீழே மளமளவென்று கொமன்ட் விழும். அதில் எத்தனை வாங்க வந்தவர்களுடையது, எத்தனை அவர்களுடைய ஆட்களுடையது என்று நமக்குத் தெரியாது. 7,500 எந்தக் கடை விலை என்று யாரும் கேட்பதுமில்லை. காத்தான்குடிப் பிரதான வீதியில் பத்து நிமிடம் நடந்தால் தெரிந்துவிடும்.

போன மாதம் அப்படியொரு லைவில் வாங்கிய ஸ்பீக்கர் வந்தது. பெட்டியில் '2,000 வாட் பி.எம்.பி.ஓ' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கூட வந்த அடப்டரில் பொடி எழுத்தில் 12 வோல்ட், 2 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள், 24 வாட். அடப்டர் கொடுக்காத சக்தி ஸ்பீக்கருக்கு எங்கிருந்து வரும்? பி.எம்.பி.ஓ என்பது கண்சிமிட்டும் நேரத்துக்கு மட்டும் சாத்தியம் என்று கற்பனையில் காட்டுகிற எண். அதை அளக்கப் பொதுவான முறை ஒன்றும் கிடையாது, விரும்பியதைப் போடலாம். 90 பவுணும் இந்த 2,000 வாட்டும் எனக்கு ஒன்றுதான், இரண்டும் நம்மை மயக்குவதற்காக ஏற்றிவைத்த எண்கள். பெட்டியைத் திறந்தால் மேலே தெரிந்த இரண்டு சின்ன ஸ்பீக்கரும் வெறும் பிளாஸ்டிக் மூடி, பின்னால் வயரே இல்லை. அடியில் பாரம் காட்ட ஒரு சீமெந்துக் கட்டி ஒட்டியிருந்தது. பாரமானதுதான் தரமானது என்று நாம் நினைப்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

பவர் பாங்க் என்றால் நேர்மாறு, அங்கே பாரம்தான் நமக்குச் சாட்சி. பழைய லப்டொப் பற்றரிக்குள் இருக்குமே, உருளை வடிவ லித்தியம் செல், அது ஒன்று 45 கிராமுக்குக் கிட்ட வரும். நல்ல செல் ஒன்றில் ஏறக்குறைய 3,500 மில்லி ஆம்பியர் மணி (செல்லில் அடங்கும் மின்னின் அளவு) பிடிக்கும், அதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. 20,000 என்று போட்டிருந்தால் அப்படி ஆறு செல்லாவது வேண்டும், செல் மட்டுமே கால் கிலோவுக்கு மேல். தட்டையான செல் போட்டிருந்தாலும் பாரத்தில் பெரிய வித்தியாசம் வராது. வந்த பவர் பாங்க்கைப் பலசரக்குக் கடைத் தராசில் வையுங்கள். 150 கிராம் காட்டினால் மேலே கேள்வி தேவையில்லை.



சரி, வாங்கியாயிற்று, பழுது. என்ன செய்யலாம்? இங்கிலாந்தில் இப்படித் தூரத்திலிருந்து வாங்கிய சாமானைக் கையில் கிடைத்து 14 நாளைக்குள், காரணம் சொல்லாமலே, வேண்டாம் என்று சொல்ல 2014 ஜூனிலிருந்து சட்டம் இடம்கொடுக்கிறது. அதற்கு முன்னும் ஏழு வேலைநாள் இருந்தது. ஆனால் வாங்கியவர் அங்கே, சாமான் கப்பலில். பெட்டி மட்டக்களப்புக்கு வந்து சேர்வதற்குள் அந்தக் காலம் கடந்துவிடும். அதனால் அனுப்புகிறவர்களிடம் சொல்லுங்கள், அங்கேயே ஒருதரம் பிளக்கில் போட்டுப் பார்த்துவிட்டுப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். பில்லின் படமும் வட்ஸ்அப்பில் வரட்டும்.

இங்கே இலங்கையில் மனம் மாறினால் திருப்பிக் கொடுக்கிற உரிமையை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் பொய் சொல்லி விற்றால் கேட்க வழி இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், தவறாக வழிநடத்தி விற்பதைக் குற்றமாகச் சொல்கிறது. கேட்டால் பில் கொடுப்பது வியாபாரியின் கடமை. முறைப்பாட்டை அந்த அதிகார சபைக்கு எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். விபரம் கேட்க 1977க்கு அழைக்கலாம். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் நாலாம் மாதத்தில்தான் வருகிறார்கள், கையில் பில்லும் இருக்காது.

லைவில் வாங்கினால் பில் என்பது பெரும்பாலும் கனவு. அதனால் அந்த வீடியோவில் விலையும் வாக்குறுதியும் சொல்கிற இடத்தை ஸ்கிரீன் ரெக்கோர்ட் செய்து வையுங்கள். வட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள். 2006இன் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின்படி, மின்வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பதிவைத் தள்ளிவிட முடியாது. கூரியர் தம்பி காசை வாங்கிய பிறகுதான் பெட்டியைத் திறக்க விடுவார், அவரோடு சண்டை பிடித்துப் பயனில்லை. முத்திரை உடைக்காத பெட்டியிலிருந்து கடைசித் திருகாணி வரை ஒரே வீடியோவாக எடுத்துவிடுங்கள்.

வாங்குவதற்கு முன் நான் செய்வது இவ்வளவுதான்: விற்பவர் சொன்ன முதல் விலையைக் காதில் போட்டுக்கொள்ளமாட்டேன். மொடல் இலக்கத்தைத் தேடுவேன். வேறு யாரும் விற்கவில்லை என்றால் விலை குறைவா கூடவா என்று சொல்ல ஒரு வழியும் இல்லை, அதனால் விட்டுவிடுவேன். விற்கிறார்கள் என்றால் கூலியும் சேர்த்த மொத்தத்தை ஒப்பிடுவேன். நாளை காலை வாங்கலாமா என்று விற்பவரிடம் கேட்பதும் உண்டு. "நாளைக்கு இந்த விலை இல்லை அண்ணே" என்றால் மீன் ஞாபகம் வரும்.

ஆசிரியையின் கருவிக்கு வேறொரு பழைய பம்பின் ரப்பரை வெட்டி வாசர் போட்டேன். ஆவி வந்தது. கடையிலிருந்தே லண்டனுக்கு எடுத்து, "திருத்தியாச்சு மச்சாள்" என்று சந்தோசமாகச் சொன்னார். போனை வைத்த பிறகு கொஞ்சம் சங்கடத்தோடு என்னைப் பார்த்தார். அடுத்த கார்கோ பெட்டியில் இன்னொன்று வருகிறதாம். ரெண்டா எடுத்தால் ஒரு தபால் கூலிதானாம்.