பொறுப்பான பிள்ளைன்னு பாராட்டிட்டு அப்படியே விட்டுடாதீங்க

நான் ஸ்கூல் கவுன்சிலர். ஒருநாள் ஏழாங்கிளாஸ் பையன் ஒருத்தனை அனுப்பி வச்சாங்க, கிளாஸ்ல தூங்குறான், ஹோம்வொர்க் எழுதறதில்ல, கேட்டா முறைக்கிறான்னு கம்ப்ளெயின்ட். (ஆள் தெரியக்கூடாதுன்னு சில விவரத்தை மாத்தியிருக்கேன்.) எதிர்ல உக்காந்து ரெண்டு நிமிஷம்கூட ஆகல, அவன் வாட்ச்ல அலாரம் அடிச்சுது, சட்டுனு அமுக்கிட்டான். என்னப்பான்னு கேட்டா, "அம்மா மாத்திரை போடுற டைம், மிஸ். போட்டாங்களான்னு தெரியல"ங்கிறான். அம்மாவுக்கு வலிப்பு. ராத்திரி அம்மா கை மேல தன் கையை வச்சுக்கிட்டுதான் படுப்பானாம், அசைஞ்சா முழிச்சுக்கலாம்னு. இப்படிப் படுக்கிற புள்ள கிளாஸ்ல தூங்காம என்ன செய்யும்?

அவங்க வீட்ல, சொந்தத்துல எல்லாரும் அவனைப் பொறுப்பான பிள்ளைன்னுதான் சொல்றாங்க. பொய் இல்ல, ஆனா அந்தப் பேரு வாங்கின புள்ளைக்கு "எனக்கு முடியல"ன்னு சொல்ல வாய் வராது, அதான் எனக்குக் கவலை.

நடக்க முடியாத தாத்தா, மாற்றுத்திறனாளி தம்பி, மனநோய்ல இருக்கிற அம்மான்னு வீட்ல ஒருத்தரைப் பாத்துக்கிற பிள்ளைங்க, காது கேக்காத பெத்தவங்களுக்காக டாக்டர்கிட்ட பேசுற பொண்ணுன்னு இவங்க நிறைய விதம். இதுல குடிப்பழக்கமும் மனநோயும் இருக்கிற வீட்டுப் பிள்ளைங்கதான் ரொம்ப மறைப்பாங்க, வெளிய சொன்னா நம்மள பிரிச்சுடுவாங்களோன்னு பயம். அதனால முதல்லயே "உன்னைப் பிரிக்கறதுக்காக இதெல்லாம் கேக்கல"ன்னு சொல்லிடுங்க, ஆனா யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணாதீங்க, ஆபத்துன்னா சொல்லித்தான் ஆகணும், அதையும் அப்பவே சொல்லிடறது நல்லது.

பார்த்துக்கிற வேலையை மொத்தமா பிடுங்கிட்டா அந்தப் புள்ள நிம்மதியாயிடும்னு நினைக்காதீங்க, சில பேருக்கு அது தண்டனை மாதிரி ஆயிடும். எதைக் குறைக்கலாம்னு பாருங்க. பெரியவங்களைத் தூக்கறது, குளிப்பாட்டறது, மருந்து அளவை முடிவு பண்றது இதெல்லாம் குழந்தை தலையில இருக்கக்கூடாது. தண்ணி எடுத்துக் குடுக்கறது, பக்கத்துல உக்காந்து பேசறது இருந்துட்டுப் போகட்டும். நோயைப் பத்தி அவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லணும். இந்தப் பையன் வலிப்பு வந்தா வாயில ஸ்பூன் வைக்கணும்னு நம்பிட்டு இருந்தான்! வாயில எதையும் வைக்காத, அழுத்திப் பிடிக்காத, தலைக்கு அடியில மெத்துனு ஏதாவது வை, ஒருக்களிச்சுப் படுக்க வை, மணியைப் பாரு, 5 நிமிஷத்துக்கு மேல போனா ஆம்புலன்ஸ் கூப்பிடுன்னு சொல்லிக் குடுத்தோம். யாரைக் கூப்பிடணும்னு நம்பரோட ஒரு அட்டையில எழுதிக் குடுத்தோம், அதை வாங்கும்போதுதான் அவன் தோள்பட்டை கொஞ்சம் இறங்குச்சு.

1989-ல ஐநா கொண்டுவந்த குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில படிப்பு 28-வது பிரிவு, ஓய்வும் விளையாட்டும் 31-வது பிரிவு. விளையாட்டும் உரிமைங்கிறதை நாமளே மறந்துடறோம். இங்கிலாந்துல 2014 சட்டப்படி இப்படிப்பட்ட பிள்ளைங்களுக்கு என்ன உதவி வேணும்னு உள்ளாட்சி நிர்வாகமே மதிப்பிடணும். சட்டம் இல்லாத இடத்துல டீச்சர்தான் முதல் கண்ணு. ஹாஸ்பிடல் போற நாள்ல மட்டும் லீவு, டூர்னா வரமாட்டேன்னு சொல்றது, ஓயாம போனைப் பாக்கறது, இதெல்லாம் கண்ணுல பட்டா திட்டறதுக்கு முன்னாடி "வீட்ல யாரை யார் பாத்துக்கறாங்க?"ன்னு ஒரு தடவை கேளுங்க.

அந்தப் பையன் இப்போ இன்டர்வெல்ல ஆபீஸ் போன்ல அம்மாகூட ஒரு நிமிஷம் பேசிக்கிறான். வாரத்துல ரெண்டு ராத்திரி சித்தி வந்து தங்கறாங்க, அன்னிக்கு அவன் வேற ரூம்ல தூங்கணும்னு பேச்சு. முதல் வாரம் ஒத்துக்கவே இல்ல, கதவைத் திறந்து வச்சா படுக்கறேன்னான். திறந்து வச்சாங்க.