பல்லுக்குப் பதிலாகத் தேயும் தகடு

தூங்கும்போது மேல்பற்களில் மாட்டிக்கொள்ளும் தகடான என் நைட் கார்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், இடது கோரைப்பல் உட்காரும் இடத்தில் பளபளவென்று ஒரு தடம் தெரியும். சுண்டுவிரல் நகத்தில் பாதி இருக்கும். செய்து வாங்கிய அன்று அந்த இடம் மற்ற இடங்களைப் போலத்தான் இருந்தது. ஒரு வருடமாகத் தூக்கத்தில் கீழ்ப்பல் அங்கேயே போய்ப் போய் உரசியதில் விழுந்த தடம் அது. "தூக்கத்தில் பல் கடிக்கிறீர்கள்" என்று பல் மருத்துவர் சொன்னபோது நான் ஒப்புக்கொள்ளவே இல்லை. இப்போது மறுக்க வழியில்லை.

கதைகளில் கோபக்காரர்கள்தான் பல்லை நறநறவென்று கடிப்பார்கள். தூக்கத்தில் கடிப்பதற்குக் கோபம் தேவையில்லை. மேலோட்டமான தூக்கத்தில், மூளை சில விநாடிகள் மட்டும் பாதி விழித்துவிட்டு மறுபடி தூக்கத்துக்குத் திரும்பும். நமக்கு அது தெரியவே தெரியாது. அந்த இடைவெளியில் முதலில் இதயத்துடிப்பு கூடுகிறது, அப்புறம் தாடைத் தசைகள் இறுகுகின்றன, கடைசியில்தான் பல்லும் பல்லும் உரசுகின்றன. தசைகள் ஏறக்குறைய விநாடிக்கு ஒரு முறை என்ற தாளத்தில், மெல்லுவது போலவே அசையும். வேடிக்கை என்னவென்றால், பல் கடிக்காதவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் தாடையும் தூக்கத்தில் இப்படி அவ்வப்போது அசைகிறது. கடிப்பவர்களிடம் அது அடிக்கடியும் பலமாகவும் நடக்கிறது, அவ்வளவுதான். மன அழுத்தம், காப்பி, மது, புகை, மனச்சோர்வுக்குத் தரப்படும் சில மாத்திரைகள் எல்லாம் இதைக் கூட்டக்கூடும்.

பகலில் பல் ஏன் இப்படித் தேய்வதில்லை? ஒரு நாள் முழுக்கச் சாப்பிடும்போதும் எச்சில் விழுங்கும்போதும் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் நேராகத் தொட்டுக்கொள்ளும் நேரத்தைக் கூட்டினால் அரை மணி நேரம்கூடத் தேறாது. போதாததற்கு ஒரு காவலும் உண்டு. சாப்பாட்டில் சின்னக் கல் ஒன்று கடிபட்டால் வாய் தானாகத் திறந்துகொள்கிறதே, அதுதான். பல்லின் வேரைச் சுற்றியிருக்கும் மெல்லிய நார்ப்படலத்தில் உள்ள நரம்புகள் அந்த அதிர்ச்சியை உடனே சொல்லிவிடும். தூங்கும்போது இந்தக் காவல் மந்தமாகிவிடுகிறது. அதனால்தான் விழித்திருக்கும்போது முழுப் பலத்தோடு கடிப்பதையும் மிஞ்சும் விசை சிலருக்கு இரவில் வருகிறது.

அடி வாங்குவது பல்லின் வெளி உறையான எனாமல். உடம்பிலேயே கடினமான பொருள் அதுதான். எடையில் சுமார் 96 சதவீதம் தாது. ஆனால் அதற்குள் உயிருள்ள செல் ஒன்றுகூடக் கிடையாது. அதை உருவாக்கிய செல்கள், பல் ஈறைக் கிழித்து வெளியே வரும்போதே அழிந்துவிடுகின்றன. எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் மூடும், எனாமல் தேய்ந்தால் தேய்ந்ததுதான். கடைவாய்ப் பல்லின் முகடுகளில் அதன் தடிமன் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர். அது தீர்ந்தால் கீழே மஞ்சள் நிற டென்டின். இன்னும் மென்மையானது, எனவே தேய்மானம் வேகம் பிடிக்கும். நரம்பை நோக்கிப் போகும் நுண்குழாய்கள் அதில் இருப்பதால் குளிர்ந்த தண்ணீர் பட்டாலே சுரீர் என்கும்.

நைட் கார்டு இந்த இடத்தில் செய்யும் வேலை மிக எளிது: பல்லுக்குப் பதிலாகத் தான் தேய்வது. அது செய்யப்படும் அக்ரிலிக் கெட்டியான பிளாஸ்டிக்தான், ஆனாலும் எனாமலைவிட மென்மையானது. இரண்டும் உரசினால் தோற்பது அக்ரிலிக். தோற்கத்தான் அது வாயில் இருக்கிறது.

ஆனால் வடிவமும் முக்கியம். நம் கடைவாய்ப் பற்களின் மேடும் பள்ளமும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்துபவை. அப்படிப் பொருந்திய நிலையில் தாடை பக்கவாட்டில் இழுத்தால், விசை முகடுகளின் சரிவில் விழுந்து பல்லை நெம்பும். விரிசல் விழுவதும், அடைத்த சிமெண்ட் பெயர்வதும் இதனால்தான். கார்டின் அடிப்பக்கம் ஏறத்தாழத் தட்டை. மாட்டிக்கொள்ளப் பள்ளம் இல்லாததால் கீழ்ப்பற்கள் வழுக்கிப் போகும், பாரமும் ஒரே பல்லில் இறங்காமல் பரவும். கோரைப்பல் இருக்கும் இடத்தில் மட்டும் சின்னச் சரிவு ஒன்று வைப்பார்கள். தாடை பக்கவாட்டில் நகர்ந்தவுடன் அந்தச் சரிவில் ஏறிப் பின்பற்கள் விலகிவிடும். நீண்ட வேர் கொண்ட கோரைப்பல் அந்தப் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். என் தடம் ஏன் அங்கே விழுந்தது என்பது இப்போது புரியும்.

பல்லின் அளவை எடுத்துச் செய்து முடித்தாலும் வேலை முடிவதில்லை. நீலத்தாள் ஒன்றை இடையில் வைத்து, "கடிங்க, இப்போ உரசுங்க" என்பார்கள். எங்கே கறை அழுத்தமாக விழுகிறதோ அங்கே துளி சீவுவார்கள். மறுபடி தாள், மறுபடி சீவல். எனக்கு ஏழெட்டுச் சுற்று ஆயிற்று. அலுப்பாகத்தான் இருந்தது, ஆனால் பல்லை ஏமாற்ற முடியாது. மில்லிமீட்டரில் நூறில் ஓரிரு பங்கு உயர்ந்திருந்தாலும் அது கண்டுகொள்ளும்.

வெந்நீரில் நனைத்துக் கடித்து நாமே வடிவமைக்கும் மென்மையான கார்டுகளும் கிடைக்கின்றன. லேசாகக் கடிப்பவருக்குத் தற்காலிகமாகப் பரவாயில்லை. பலமாகக் கடிப்பவர் சீக்கிரமே கிழித்துவிடுவார். சிலர் அதை மென்றுகொண்டே தூங்குகிறார்கள். விளையாட்டு வீரர்கள் அணிவது வேறு சாதனம். அது திடீர் அடியை வாங்க, இது மணிக்கணக்கான உரசலை வாங்க. முன்பற்களை மட்டும் மூடும் கார்டுகள் விஷயத்தில் நான் எச்சரிக்கையாகவே இருப்பேன். எதிர்ப்பல் தொடாத பின்பற்கள் மாதக்கணக்கில் மெல்ல நீண்டு, கடியே மாறிவிடலாம்.

சரி, கார்டு போட்டால் பல் கடிப்பது நிற்குமா? நிற்காது. முதல் சில வாரங்கள் தசை வேலை குறையும், பிறகு பலருக்குப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2007ல் வெளியிட்ட தொகுப்பும், கார்டு பல் கடிப்பதைக் குணப்படுத்துகிறது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை, தேய்மானத்தைத் தடுப்பதில் பயன் இருக்கலாம் என்ற அளவில்தான் நின்றது. குறட்டையும் மூச்சுத்திணறலும் உள்ளவர்கள் கார்டுக்கு முன்னால் தூக்கப் பரிசோதனை பற்றிக் கேட்பது நல்லது. மேல்தாடை கார்டு சிலருக்கு அந்தத் திணறலைக் கூட்டியதாகச் சிறிய ஆய்வொன்றில் தெரியவந்திருக்கிறது.

பராமரிப்பு பெரிய வித்தை இல்லை. வெந்நீர் பட்டால் வளைந்துவிடும், பற்பசையின் சொரசொரப்பு கீறல் போடும். குளிர்ந்த நீர், மென்மையான பிரஷ், துளி சோப்பு போதும். நாய் வளர்ப்பவர்கள் பெட்டியை மூடி வைக்கவும். எச்சில் வாசம் வீசும் பிளாஸ்டிக் என்றால் அவற்றுக்குக் கொள்ளைப் பிரியம்.

ஒவ்வொரு பரிசோதனைக்கும் கார்டைக் கையோடு கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். தடம் ஆழமானால் அக்ரிலிக் சேர்த்து மேடாக்கலாம், ஓட்டை விழுந்தால் புதிது செய்ய வேண்டும். வலப்பக்கம் மட்டும் ஏன் கீறல்கூட இல்லாமல் இருக்கிறது என்று இந்த முறை கேட்க வேண்டும்.