டொமைன் பில்லில் வரும் ‘பிரைவசி’ கட்டணம்: கட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் பாருங்கள்

கோத்தகிரிப் பக்கம் ஹோம்ஸ்டே நடத்தும் ஓர் அக்கா, டொமைன் ரினியூவல் பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்பி, “தம்பி, இதைக் கட்டிடலாமா?” என்று கேட்டார். டாட் காம் டொமைனுக்கு, அதாவது வெப்சைட் பெயருக்கு, ஒரு தொகை. அதன் கீழே ‘பிரைவசி புரொடெக்‌ஷன்’ என்று, டொமைன் விலையில் பாதிக்கும் மேலே இன்னொரு தொகை. டொமைன் உரிமையாளரின் பெயர், முகவரி, போன் நம்பர் பொதுப் பதிவேட்டில் தெரியாமல் மறைப்பதற்கான கட்டணம் அது. இரண்டுக்கும் சேர்த்து 18 சதவீதம் ஜிஎஸ்டி. பிரைவசிக்கு நேராக டிக் ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. ‘நீக்கு’ என்ற சொல் மட்டும் கண்ணுக்குத் தெரியாத சாம்பல் நிறத்தில் கிடந்தது. வருடா வருடம் இதைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

குன்னூரில் இருந்துகொண்டு ஹோம்ஸ்டே, டீத்தூள் கடை, தைலக் கடை, வர்க்கி பேக்கரி என்று சின்னத் தொழில்களுக்கு வெப்சைட் செய்து கொடுப்பவன் நான். இதே மாதிரி பில் என்னிடம் வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் போனில் விளக்கி அலுத்துவிட்டதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

அந்த அக்காவின் கணவர் டீத்தூள் வியாபாரத்துக்காக இன்னொரு டாட் காம் வைத்திருக்கிறார். அதே கம்பெனிதான், ஆனால் பிரைவசி வாங்கவில்லை. உலக அளவில் டொமைன் விதிகளை வகுக்கும் ஐகான் அமைப்பின் லுக்கப் பக்கத்தில், அதாவது ஒரு டொமைனின் பதிவு விவரத்தைத் தேடிப் பார்க்கும் பக்கத்தில், அந்தப் பெயரைப் போட்டுக் காட்டினேன். பெயர், தெரு, போன் என்று எல்லா இடத்திலும் ‘ரெடாக்டட்’, அதாவது மறைத்தாயிற்று என்றே வந்தது. வெளியே தெரிந்தது தமிழ்நாடு, இந்தியா, அவ்வளவுதான். காசு கட்டாத டொமைனிலும் மறைந்திருக்கிறது என்றால், கட்டிய டொமைனில் எதற்காகக் கட்டினார்?

ஒரு காலத்தில் இதற்குத் தேவை இருந்தது, அதை மறுக்கவில்லை. ஹூஇஸ் என்ற டொமைன் உரிமையாளர் பதிவேட்டில் வீட்டு முகவரி, மொபைல் நம்பர் எல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடக்கும். டொமைன் வாங்கிய அன்றே “வெப்சைட் வேணுமா சார்” என்று போன் அடிக்கும். 2018 மே 25 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிடிபிஆர் என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு ஏற்ப ஐகான் விதியை மாற்றியது. ஐரோப்பியர்களுக்கு மட்டும் தனியாக மறைப்பது தலைவலி என்று பெரும்பாலான ரெஜிஸ்ட்ரார்கள் (டொமைன் விற்கும் கம்பெனிகள்) எல்லா வாடிக்கையாளரின் விவரத்தையும் மறைத்துவிட்டார்கள். நிலைமை இப்படி மாறிய பிறகும் பழைய பயத்தைக் காட்டிப் பணம் வாங்குவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கிளவுட்ஃபிளேர், நேம்சீப், போர்க்பன் போன்ற ரெஜிஸ்ட்ரார்கள் இந்தச் சேவையை இலவசமாகவே தருகிறார்கள்.

டாட் இன் வைத்திருப்பவர்களுக்கு விஷயம் இன்னும் எளிது. அதை நடத்தும் நிக்ஸி என்ற இந்திய அமைப்பு, பிரைவசி சேவையையும், உங்களுக்குப் பதில் வேறு கம்பெனியின் பெயரைப் பதியும் பிராக்ஸி சேவையையும் அனுமதிப்பதே இல்லை. பதிவேட்டிலும் நிறுவனப் பெயர், மாநிலம், நாடு தவிர மற்றதை மறைத்தே காட்டுகிறது. டாட் இன் பில்லில் பிரைவசி என்று ஒரு வரி இருந்தால், அது எதற்கான கட்டணம் என்று எழுத்தில் கேளுங்கள்.

இதைவிட என்னை அதிகம் வருத்துவது வேறு. “புரொடெக்‌ஷன் கட்டியிருக்கோமே சார், அப்புறம் எப்படி ஹேக் ஆச்சு?” ஊட்டியில் ஒரு காட்டேஜ்காரர் கேட்ட கேள்வி இது. கூகுளில் அவர் காட்டேஜ் பெயரைத் தேடினால் ஜப்பானிய எழுத்தில் ஏதோ கைப்பை விளம்பரம் வந்தது. காரணம், வருடக்கணக்காக அப்டேட் செய்யாத ஒரு வேர்ட்பிரஸ் பிளகின், அதாவது வெப்சைட்டில் சேர்க்கும் துணை மென்பொருள். பிரைவசி புரொடெக்‌ஷனுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது ஒரே ஒரு பதிவேட்டில் உங்கள் விவரத்தை மறைக்கிறது. உங்கள் வெப்சைட் ஃபைல்கள் இருக்கும் ஹோஸ்டிங்கை அது தொடாது. மெயில் பாஸ்வேர்டைக் காக்காது. புக்கிங் பக்கத்தில் விருந்தினர் கொடுக்கும் தகவலைக் காக்காது. வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டால் கதவுப் பூட்டு பலமாகிவிடுமா?

ஸ்பேம் போன் நின்றுவிடும் என்று நம்பி வாங்குபவர்களும் உண்டு. உங்கள் நம்பர் உங்கள் வெப்சைட்டிலேயே இருக்கிறது, கூகுள் மேப்பில் இருக்கிறது, ரூம் புக்கிங் ஆப்களில் இருக்கிறது, மலைப்பாதை வளைவில் வைத்த போர்டிலும் இருக்கிறது. விருந்தினர் கூப்பிட வேண்டும் என்று நீங்களே கொடுத்த நம்பர். அதைப் பதிவேட்டில் மட்டும் மறைத்து என்ன பயன்?

பிராக்ஸி வகையில் ஓர் ஆபத்தும் உண்டு. அதில் பதிவேட்டின்படி உரிமையாளர் நீங்கள் அல்ல, அந்த பிராக்ஸி கம்பெனி. 2007இல் ரெஜிஸ்டர்ஃபிளை என்ற அமெரிக்க ரெஜிஸ்ட்ரார் நொடித்துப்போய், ஐகான் அதன் அங்கீகாரத்தை ரத்து செய்தது. அப்போது பிரைவசி வாங்கியிருந்தவர்கள்தான், இந்த டொமைன் என்னுடையது என்று நிரூபிக்கத் திண்டாடினார்கள்.

உண்மையிலேயே தேவைப்படுபவர்கள் இருக்கிறார்கள். வீட்டு முகவரியில் டொமைன் வாங்கி எழுதும் பெண்கள், மிரட்டல் வரக்கூடிய விஷயங்களை எழுதுபவர்கள். அவர்கள் முதலில் லுக்கப்பில் பார்த்து, ஏதாவது வெளியே தெரிந்தால் உடனே மறைக்க வேண்டும், இலவசமாகத் தரும் இடத்துக்கு மாற்றியாவது. பயந்துகொண்டு பொய் முகவரி மட்டும் கொடுக்காதீர்கள். தவறான விவரம் கொடுத்தால் டொமைனையே முடக்க விதி இருக்கிறது. புதிதாக டாட் காம் வாங்கியதும் வரும் வெரிஃபிகேஷன் மெயிலை 15 நாளுக்குள் கிளிக் செய்யாவிட்டாலும் வெப்சைட் நின்றுபோகும்.

அந்தப் பணத்தையும் கவனத்தையும் வேறு இடத்தில் வையுங்கள். முதலில், டொமைன் அக்கவுண்ட் யார் மெயிலில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். வெப்சைட் போட்டுக் கொடுத்த பையன் மெயிலில் இருந்தால் உங்கள் மெயிலுக்கு மாற்றச் சொல்லுங்கள். அவன் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய் நம்பரையும் மாற்றிவிட்டால் யாரிடம் போய் நிற்பீர்கள்? இரண்டடுக்கு லாகின் போடுங்கள். உங்களுக்குத் தெரியாமல் டொமைனை வேறு கம்பெனிக்கு மாற்றவிடாமல் தடுக்கும் டிரான்ஸ்ஃபர் லாக் இருக்கிறதா பாருங்கள், அது இலவசம். டொமைனுக்கு ஆட்டோ ரினியூவல் இருக்கட்டும், பிரைவசியின் ஆட்டோ ரினியூவலை மட்டும் தனியாக அணையுங்கள். பல கம்பெனிகளில் இரண்டும் வேறு வேறு இடத்தில் இருக்கும். கார்டு மாறியிருந்தால் புது நம்பரைக் கொடுங்கள். தேதி தப்பி டாட் காம் ரிடெம்ப்ஷன் என்ற கடைசி மீட்புக் கட்டத்துக்குப் போய்விட்டால், அந்த 30 நாளில் மீட்பதற்குக் கேட்கும் தொகை பல வருட ரினியூவலுக்குச் சமம். ஏப்ரல், மே சீசனில் வெப்சைட் படுத்துவிட்டால் அந்த நஷ்டம் தனி.

என்னைப் போலவே வெப்சைட் தொழில் செய்யும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாடிக்கையாளர் பெயரில், வாடிக்கையாளர் மெயிலில் டொமைன் எடுங்கள். உங்கள் கோட்டேஷனில் பிரைவசி என்று ஒரு வரி இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். நம்மை நம்பித்தான் படிக்காமல் கட்டுகிறார்கள்.

கட்டி முடித்தவர்கள் கஸ்டமர் கேருக்கு மெயில் எழுதி அந்த வரியை மட்டும் ரத்து செய்து பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தர மறுத்தால் ஆத் கோடு, அதாவது டொமைனை வேறு கம்பெனிக்கு மாற்றத் தேவையான ரகசியக் குறியீடு, கேட்டு வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். டாட் காம் என்றால் கேட்ட 5 நாளுக்குள் கோடைக் கொடுத்தாக வேண்டும் என்பது ஐகான் விதி.