பில்டர்: வடியா, தணிப்பியா?

தொலைகாட்டியின் வாய்க்கு மூடி செய்ய, வெள்ளி நிறத் தாளொன்றை முற்றத்தில் வைத்து வட்டமாக வெட்டிக்கொண்டிருந்தேன். அம்மா எட்டிப் பார்த்துக் கேட்டா:

“உதென்ன தம்பி, மிக்சர் பைக்கட் தாளோ?”

“இல்லையம்மா, சூரியனைப் பாக்கிற பில்டர். வெயிலை வடிக்கிறது.”

“வடிக்கிறதெண்டால் கசடு எங்கை நிக்கும்?”

எனக்கு உடனே மறுமொழி வரவில்லை.

பில்டர் என்ற சொல்லின் வேர் கம்பளியில் இருக்கிறது. ஆட்டு மயிரை நனைத்து அடித்து இறுக்கிய துணிக்கு ஆங்கிலத்தில் ‘ஃபெல்ட்’ என்று பெயர். அதில் சாராயமும் மருந்தும் வடித்தார்கள். இடைக்கால இலத்தீனில் அந்தத் துணியே ‘ஃபில்ட்ரம்’ ஆயிற்று, பிறகு வடிக்கிற எதற்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. நமக்கோ அந்த வேலைக்குத் தென்னம் பன்னாடை. கள்ளும் நெய்யும் அதில் வடிந்தன. நன்னூல் கடைமாணாக்கருக்கு உவமையாகக் காட்டும் ‘நெய்யரி’ இந்தப் பன்னாடைதான்: நெய்யை விட்டுவிட்டுக் கசட்டைப் பிடித்து வைத்திருக்கும்.

தமிழில் ‘வடி’ வினையும் ஆகும், பெயரும் ஆகும். சோறு வடிக்கிறோம். குசினியில் தேத்தண்ணி வடி தொங்குகிறது. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் வடிதாள், அதனூடாக இறங்குவது வடிதிரவம். எல்லாவற்றிலும் ஒன்று கீழே போக, மற்றது மேலே தங்கும். ஆகவே அம்மாவின் கேள்வி சரியான கேள்வி.

என் கையிலிருந்த தாளில் எதுவும் தங்குவதில்லை. விழும் ஒளியில் ஏறத்தாழ 1,00,000இல் ஒரு பங்கை மட்டும் உள்ளே விடுகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியை அதன் உலோகப் பூச்சு வந்த வழியே வானத்துக்குத் திருப்பிவிடுகிறது. தாள் முகம்பார்க்கும் கண்ணாடிபோல மினுங்குவது அதனால்தான்.

கசடு நிற்கிற பில்டரும் உண்டு. பழைய சின்னத் தொலைகாட்டிகள் சிலவற்றோடு, கண் வைத்துப் பார்க்கும் பார்வைத்துண்டில் திருகிப் பூட்டும் கறுப்புக் கண்ணாடி ஒன்று வரும். முன்னால் இருக்கும் பெரிய வில்லையான பொருள்வில்லை குவித்த வெயில் முழுவதும் அந்தக் குட்டிக் கண்ணாடியில் விழும். அது ஒளியை உறிஞ்சும், உறிஞ்சியது சூடாக நிற்கும், கண்ணாடி பிளக்கும். அந்த நேரம் பின்னால் இருப்பது நம் கண். கண்டால் எறிந்துவிடுங்கள், ஆருக்கும் கொடுக்கவும் வேண்டாம்.

கறுப்பாகத் தெரிந்தால் போதும் என்ற நம்பிக்கையை 1800ஆம் ஆண்டிலேயே வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் உடைத்துவிட்டார். சூரியனைப் பார்க்க வேறு வேறு நிறக் கண்ணாடிகளை மாற்றி மாற்றி வைத்தபோது, சிலவற்றில் வெளிச்சம் குறைவு, ஆனால் சூடு தெரிந்தது. பிறகு ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் அரியத்தையும் வெப்பமானியையும் வைத்துச் சிவப்புக்கு அப்பால் சூட்டை அளந்தார். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி அப்படித்தான் அகப்பட்டது. எக்ஸ்ரே படலத்தையும் புகை பிடித்த கண்ணாடியையும் நம்பக்கூடாது என்பதும் இதனால்தான்.

2019 டிசம்பர் 26 கங்கண கிரகணம் யாழ்ப்பாணத்தில் வளையமாகவே தெரிந்தது. மஞ்சள் தண்ணீர்ச் சட்டியில் நிழல் பார்க்கிற பழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. சூரியன் உயரத்தில் நிற்கும்போது நீர்ப்பரப்பு ஏறத்தாழ 2 சதவீத ஒளியைத் திருப்பும். அது இந்தத் தாள் விடுவதைவிட 2,000 மடங்கு. வழக்கம் எவ்வளவு பழசானாலும் கணக்கு அதன் பக்கம் இல்லை.

அசல் வடி என்று சொல்லத்தக்கது ஐதரசன்-ஆல்பா பில்டர். 656.3 நானோமீற்றரில் ஐதரசன் விடும் சிவப்பை மட்டும், 0.1 நானோமீற்றருக்கும் குறைந்த அகலத்தில் பிரித்தெடுக்கிறது. வெள்ளித் தாளில் சூரியப் பொட்டுகள்தான் தெரியும். இதிலோ விளிம்பில் எழும் தீச்சுவாலைகளும் தெரியும். விலை கையைச் சுடும், அது வேறு கதை.

ஆகவே ஒரே பெயர் இரண்டுக்கும் பொருந்தாது. ஐதரசன்-ஆல்பாவுக்கு ‘ஒளிவடி’ என்பேன். வெள்ளித் தாளுக்கு, மட்டுப்படுத்துவதால் ‘ஒளிமட்டி’ என்று முதலில் நினைத்தேன். யாழ்ப்பாணத்தில் மட்டி கடற்கரையில் பொறுக்குவது, சிரிப்பார்கள். ‘ஒளித்தணிப்பி’ என்பதில் நின்றுவிட்டேன். வடிகட்டி என்று எழுதுவோரோடு சண்டை இல்லை. ஆனால் கசடு எங்கே என்று ஒரு பிள்ளை கேட்டால் அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

படம் எடுக்கிறவர்களின் வேலைக்கும் ஒரு சொல் கிடக்கிறது. நிலம் சூடேற முன், காலையிலேயே வீடியோ எடுத்து, ஆயிரக்கணக்கான சட்டகங்களில் காற்று அசைக்காதவற்றை மட்டும் தெரிந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். அது வடித்தல் அல்ல, சுளகில் புடைத்தல்.

வெட்டி மிஞ்சிய துண்டை, தொலைகாட்டியின் தோளில் இருந்து குறிபார்க்க உதவும் சின்னத் தேடுகாட்டிக்கு ஒட்டினேன். அதை மறந்துவிடுகிறவர்கள்தான் கூட.